நாலேகால் மணிக்கு விடியும் வீடு

கேள்வி: டாக்டர் மேடம், வணக்கம். நான் ஈரோட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை. என் மகனுக்குப் பத்து மாதம் முடிந்திருக்கிறது. இரண்டு மாதமாகத் தினமும் காலை நாலேகாலுக்கு எழுந்துகொள்கிறான். அதற்கு மேல் எவ்வளவு ஆட்டினாலும் தூளியில் படுப்பதில்லை. ராத்திரி ஏழு மணிக்கே தூங்க வைத்துவிடுகிறேன். அப்படித்தான் வைக்க வேண்டும் என்று படித்தேன். அவர் திருப்பூர் வேலை முடிந்து எட்டு மணிக்கு வரும்போது இவன் தூங்கியிருப்பான். நாலேகாலுக்கு அவன் அழுததும் மாமியார் டியூப்லைட்டைப் போடுவார். அவருக்கு அது தண்ணீர் பிடிக்கிற நேரம். மாமனார் குழந்தையை வாங்கித் திண்ணையில் வைத்து விளையாட்டுக் காட்டுவார், தன் டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டுவார். ஐந்து மணிக்கு நான் பால் கொடுப்பேன். ஆறேகாலுக்கு மறுபடி தூங்கினால் எட்டு மணிக்குத்தான் எழுவான். அப்புறம் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை, சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தேகால். எடை 8.8 கிலோ, பிறந்தபோது 2.9. "பகலில் இவ்வளவு தூங்கவிட்டால் ராத்திரி எப்படித் தூங்கும்" என்கிறார்கள். ஜாதிக்காய் உரசிக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஜூனில் எனக்கு விடுப்பு முடிகிறது. போன வாரம் ஒருநாள் ஆத்திரத்தில் தூளியைப் பலமாக ஆட்டிவிட்டேன். அவன் மிரண்டு அழுதான். நானும் அழுதேன். நான் எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன் அம்மா. நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. இரண்டு மாதமாக நாலேகாலுக்கு எழுப்பப்படுகிற எந்த மனுஷிக்கும் ஒருநாள் கை கொஞ்சம் பலமாகத்தான் விழும். அதை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அது எனக்கு நிம்மதியாக இருக்கிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆத்திரம் தலைக்கு ஏறுகிறது என்று தெரிந்ததும் குழந்தையைத் தரையில் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஐந்து நிமிடம் அவன் அழட்டும். அழுவதால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. பலமாகக் குலுக்கினால் ஆகும். இந்த வயதில் தலை பெரிது, கழுத்து பலமில்லாதது. குலுக்கலில் மூளைக்குள் ரத்தக் கசிவு வரலாம். முகத்தைக் கழுவிக்கொண்டு, கணவரை எழுப்பிவிட்டு, அப்புறம் உள்ளே போங்கள்.

சரி, இனி அவன் தூக்கத்துக்கு வருவோம். நீங்கள் மணிக்கணக்கை எழுதி அனுப்பியதால் என் வேலை பாதி முடிந்தது. கூட்டிப் பாருங்கள். ராத்திரி ஏழிலிருந்து நாலேகால் வரை ஒன்பதேகால் மணி நேரம். பகலில் ஒன்றே முக்கால், ஒன்றரை, முக்கால், ஆக நாலு மணி நேரம். மொத்தம் பதின்மூன்றேகால். நாலு மாதத்திலிருந்து ஒரு வயது வரை உள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. உங்கள் மகன் அதற்குள் வசதியாக இருக்கிறான். எடையும் பிறந்ததைப் போல மூன்று மடங்கு ஆகிவிட்டது. அவனுக்குத் தூக்கம் குறையவே இல்லை. குறைந்திருப்பது உங்களுக்கு.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், "குழந்தைக்குத் தூக்கம் பத்தவில்லை" என்று நினைத்துக்கொண்டு செய்கிற வைத்தியம் வேறு, "குழந்தையின் ராத்திரி இடம் மாறிக் கிடக்கிறது" என்று தெரிந்து செய்கிற வைத்தியம் வேறு. அவனுடைய ராத்திரி ஏழு மணிக்குத் தொடங்கிவிடுகிறது. அதன் கடைசித் துண்டு அறுந்து, ஆறேகாலிலிருந்து எட்டு வரை தனியாக ஓடுகிறது. ஆறேகால் தூக்கத்தைப் பகல் தூக்கம் என்று நீங்கள் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அது பகல் தூக்கம் இல்லை, ராத்திரியின் மிச்சம். அந்த மிச்சத்தை அதன் பழைய இடத்தில் ஒட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஏன் குறிப்பாக நாலு மணி? தூக்கத்தை இரண்டு விஷயங்கள் பிடித்துவைக்கின்றன. ஒன்று தூக்கப் பசி. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். தூங்கத் தூங்க அது கரையும். ராத்திரி தூங்கப் போகும்போது பசி உச்சத்தில் இருக்கும். அதனால்தான் எட்டு மணிக்கு உங்கள் கணவர் கதவைத் திறக்கும் சத்தத்துக்கோ, பக்கத்தில் கல்யாண மண்டப வேட்டுக்கோ அவன் அசைவதில்லை. நாலு மணிக்குள் பசி பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு மேல் அவனைத் தூங்க வைத்திருப்பது இரண்டாவது விஷயம், உடம்பின் கடிகாரம். இருட்டில் மெலடோனினைச் சுரக்கச் செய்து "இன்னும் ராத்திரிதான்" என்று சொல்வது அது. விடியற்காலையில் அதுவும் தளர ஆரம்பிக்கும். விழிப்புக்குத் தயார் செய்கிற கார்டிசால் ஏற ஆரம்பிக்கும். அந்த நேரத்துத் தூக்கம் ஒரு நூலில்தான் தொங்குகிறது. தவிர, இந்த வயதுக் குழந்தைகள் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மேலோட்டமாக விழித்து, புரண்டு, திரும்பவும் தூங்குவார்கள். பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் வந்த அதே விழிப்புதான் நாலேகாலுக்கும் வருகிறது. முன்னதிலெல்லாம் தானாகவே ஆழத்துக்குப் போய்விட்டான். இதில் போக முடியவில்லை.

நாலேகாலுக்கு அவன் சிணுங்குவது இயற்கை. அதைப் பழக்கமாக்குவது அதற்கப்புறம் உங்கள் வீட்டில் நடப்பது. கண்ணுக்கு நேராக டியூப்லைட், தாத்தாவின் மடி, திண்ணைக் காற்று, இனிப்பான பிஸ்கட், ஐந்து மணிக்குப் பால். அவன் இடத்தில் இருந்தால் நானும் எழுந்துகொள்வேன். உடம்பின் கடிகாரம் முக்கியமாக வெளிச்சத்தைப் பார்த்துத்தான் மணியைத் திருத்திக்கொள்கிறது, அடுத்தபடியாகச் சாப்பாட்டைப் பார்த்து. விடியற்காலையில் கண்ணில் படுகிற வெளிச்சம் அந்தக் கடிகாரத்தை முன்னால் தள்ளும். "நாளைக்கும் இந்நேரத்துக்கே விடியும்" என்று அது குறித்துக்கொள்ளும். இந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று பழ ஈயை வைத்துக் கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஈரோட்டுத் திண்ணையில் உங்கள் மகனுக்குள் ஓடுவதும் அதே பொறிதான்.

இதை நான் புத்தகத்தில் படித்ததைவிட வீட்டில் நன்றாகக் கற்றேன். என் மகள் கைக்குழந்தையாக இருந்த வருஷம், மார்கழி முழுக்கக் கோயில் ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு நாலரைக்கு எழுந்தாள். எழுந்தால் விளக்கைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவேன். அம்மா கோலம் போடுவதை வேடிக்கை பார்ப்பாள். தை பிறந்தது, ஒலிபெருக்கி நின்றது. அவள் மட்டும் மாசி வரை நாலரைக்கே எழுந்துகொண்டிருந்தாள். சத்தம் அவளை எழுப்பியது முதல் சில நாள்தான். மீதி நாளெல்லாம் எழுப்பியது நான் காட்டிய கோலம்.

"பகலில் தூங்கவிடாதே" என்று வீட்டில் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பகல் தூக்கத்தை வெட்டினால் ராத்திரி தானாக நீளும் என்பது இந்த வயதில் நடக்காது. ரொம்பவும் களைத்துப்போன குழந்தை அடம் பிடித்துத் தூங்கும், அடிக்கடி விழிக்கும். ஆனால் எந்த நேரத்தில் தூங்குகிறான் என்பது முக்கியம். ஆறேகால் தூக்கமும் சாயங்காலம் நாலரைத் தூக்கமும் தப்பான இடத்தில் இருக்கின்றன. பத்து மாதக் குழந்தைக்குப் பகலில் இரண்டு தூக்கம் போதும்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று வாரம் பிடிக்கும். முதல் நாலைந்து நாளில் ஒன்றுமே மாறாது, அப்போதுதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடாதீர்கள்.

ராத்திரி படுக்க வைக்கிற நேரத்தை ஏழிலிருந்து எட்டேகாலுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரே நாளில் வேண்டாம். மூன்று நாளைக்கு ஒருமுறை கால் மணி நேரம். ஏழேகால் மூன்று நாள், ஏழரை மூன்று நாள், இப்படிப் போனால் பதினைந்து நாளில் எட்டேகால் வந்துவிடும். ஏழு மணிக்குத் தூங்க வைக்கச் சொல்லும் அட்டவணைகள், குழந்தை காலையில் ஏழு மணிக்கு எழுகிற குளிர்நாட்டு வீடுகளுக்காகத் தனி அறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் வீடுகளில் ஒன்பது மணிக்கு முன்னால் ஊர் அடங்குவதில்லை, காலையில் ஐந்துக்கே பாத்திரச் சத்தம் கேட்கும். எட்டேகால் என்றால் இன்னொன்றும் நடக்கும். கணவர் வரும்போது மகன் விழித்திருப்பான். குளிப்பாட்டித் துணி மாற்றுவதை நீங்கள் முன்னதாகவே முடித்துவிடுங்கள். அந்தக் கடைசிக் கால் மணி நேரம் மங்கலான வெளிச்சத்தில் அப்பாவோடு இருக்கட்டும். அவர் கையில் இருக்கும் கைபேசியை மட்டும் வாங்கி வைத்துவிடுங்கள்.

பகல் தூக்கத்தையும் கூடவே தள்ள வேண்டும். ஆறேகால் தூக்கத்தை இரண்டு நாளைக்குக் கால் மணி நேரம் என்று பின்னால் தள்ளி, கடைசியில் ஒன்பது மணிக்குக் கொண்டுவாருங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. ஏழு மணிக்குக் கண்ணைக் கசக்குவான், தோளில் சாய்வான், பாவமாக இருக்கும். வாசலுக்குத் தூக்கிப் போங்கள், குளிக்க வையுங்கள், கிண்ணத்தில் தண்ணீரும் கரண்டியும் கொடுங்கள். ஒன்பதிலிருந்து பத்தரை ஒரு தூக்கம், மத்தியானம் இரண்டரையிலிருந்து நாலு மணி வரை ஒரு தூக்கம் என்று அமைந்தால் போதும். நாலு மணிக்கு மேல் தூங்கினால் எட்டேகாலுக்குப் பசி வராது. தூக்கப் பசியைச் சொல்கிறேன். சாயங்காலம் சொக்கினால் வெளியே அழைத்துப் போய்ச் சமாளியுங்கள். முதல் வாரத்தில் முடியவே இல்லையென்றால் இருபது நிமிடம் தூங்கவிட்டு எழுப்பிவிடுங்கள். எல்லாம் படிந்த பிறகு ராத்திரி எட்டேகாலிலிருந்து காலை ஆறு, பகலில் மூன்று மணி நேரம், ஆக ஏறக்குறைய 13 மணி நேரம் வரும். ஆறு என்பது ஐந்தரையாக நின்றாலும் கவலைப்படாதீர்கள். நிறையக் குழந்தைகளுக்கு ஐந்தரைதான் இயல்பான விடியல். ஏழு மணி வரை தூங்குவான் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நாலேகாலுக்கு என்ன செய்வது? முதலில் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் செய்யாதீர்கள். முனகல், புரளல், ஒரு சின்ன அழுகை எல்லாம் விழிப்பு ஆகாது. ஓடிப்போய்த் தூக்கினால் நீங்களே எழுப்பியதாகிவிடும். அழுகை ஏறினால் பக்கத்தில் படுத்து, வயிற்றில் கையை வைத்து, மெதுவாக "ஷ்ஷ்" என்று சொல்லுங்கள். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டாம். பால் கேட்டால் இருட்டிலேயே கொடுங்கள். பத்து மாதத்தில் ராத்திரி ஒருமுறை தாய்ப்பால் கேட்பது தவறே இல்லை, அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். விளக்கு போடாமல், எழுந்து உட்காராமல், கொடுத்த இடத்திலேயே படுக்க வைக்க வேண்டும். நீங்களும் தூங்கிவிடுவோம் என்று தோன்றினால் தரை மெத்தையில்தான் இருங்கள். சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையை வைத்துக்கொண்டு கண் அசந்துவிடக் கூடாது. தூங்காவிட்டாலும் இருட்டில் கிடக்கட்டும். ஐந்தரை வரை அந்த அறையில் ராத்திரி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இந்தக் காவலைக் கணவர் பார்க்கட்டும். பால் வாசனை இல்லாத ஆளிடம் சில குழந்தைகள் சீக்கிரம் அடங்குவார்கள், நீங்களும் வேறு அறையில் ஒரு முழுத் தூக்கம் தூங்குவீர்கள்.

அறைக் கதவைச் சாத்தி மணிக்கணக்கில் அழவிடுகிற முறை ஒன்று இருக்கிறது. அதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. தூக்கப் பசி தீர்ந்துபோன விடியற்காலையில் அது சரியாக வேலையும் செய்யாது, நாலு பேர் இருக்கும் வீட்டில் நாலு பேருக்கும் நெஞ்சு அடைக்கும்.

அறையைக் கொஞ்சம் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் ஈரோட்டில் ஆறு மணிக்கு முன்பே வெளுத்துவிடும். ஜன்னலில் கனமான கறுப்புத் துணியோ, இரண்டாக மடித்த பழைய பட்டுச் சேலையோ கட்டுங்கள். வீட்டில் நீல நிற ஜீரோ வாட்ஸ் பல்பு எரிந்தால் கழற்றிவிடுங்கள். நீல வெளிச்சம்தான் மெலடோனினை அதிகமாகக் கெடுக்கும். விளக்கு வேண்டும் என்றால் சிவப்போ மஞ்சளோ போட்டு, அவன் கண்ணில் படாத மூலையில் வையுங்கள். விடியற்காலையில் வோல்டேஜ் ஏறி மின்விசிறி வேகமாகச் சுற்றும், உடம்புச் சூடும் அந்நேரத்தில்தான் குறைவாக இருக்கும்; படுக்கப் போகும்போது புழுக்கத்துக்கு வைத்த வேகம் நாலு மணிக்குக் குளிரும். டயப்பர் நிறைந்திருந்தாலும் அதே கதை. நீங்கள் படுக்கப் போகும்போது இரண்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

தூளியைப் பற்றி நான் சொல்வது உங்கள் வீட்டில் பிடிக்காமல் போகலாம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். தானாக எழுந்து உட்காருகிற குழந்தைக்குச் சேலைத் தூளி பாதுகாப்பு இல்லை. புரண்டு விழலாம், சேலை கழுத்தில் சுற்றலாம், முகம் துணியில் புதையலாம். தூக்கத்துக்கும் அது இடைஞ்சல். ஆடிக்கொண்டே தூங்கிப் பழகியவன், நாலேகாலுக்கு மேலோட்டமாக விழிக்கும்போது தூளி நின்றிருப்பதைத்தான் உணர்கிறான். யாராவது ஆட்டினால்தான் மறுபடி தூக்கம். தரையில் சமமான, கெட்டியான மெத்தை, கொசுவலை, மல்லாக்கப் படுக்கை. கடுகுத் தலையணை, கனமான போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். முதலில் ராத்திரித் தூக்கத்தை மட்டும் மெத்தைக்கு மாற்றுங்கள், தட்டிக்கொடுத்துத் தூங்க வையுங்கள். ஒரு வாரம் கழித்துப் பகல் தூக்கத்தையும் மாற்றலாம்.

இப்போது மாமியார், மாமனார். மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தை யாரும் மாற்ற முடியாது. மாமியாரிடம் நாலேகால் வேலையை விடச் சொல்லாதீர்கள். குழாயிலிருந்தும் அடுப்படியிலிருந்தும் தள்ளியிருக்கிற அறைக்கு நீங்கள் மாறிக்கொள்ளுங்கள். கதவுக்கு அடியில் பழைய துணியைச் சுருட்டி வையுங்கள், கூடத்து டியூப்லைட் உள்ளே வராது. மிக்சியை மட்டும் ஐந்தரைக்கு மேல் போடும்படி கேட்டுப் பாருங்கள். காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள்.

மாமனாருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஒரு நாளிலேயே இனிமையான நேரமாக இருக்கும். பேரன் தனக்கே தனக்காகக் கிடைக்கிற நேரம். அதைப் பறித்துவிட்டால் உங்கள் திட்டம் மூன்றாம் நாளே முறியும். அவருக்கு அதைவிட நல்ல வேலை ஒன்று கொடுங்கள். ஆறு மணி ஆனதும் குழந்தை அவர் கையில். நேராக வாசலுக்கு, தெருவுக்கு, காலை வெயிலுக்கு. அரை மணி நேரம் வெளியே. கடிகாரத்துக்கு "இதுதான் விடியல், நாலேகால் இல்லை" என்று சொல்லிக்கொடுப்பது அந்த ஆறு மணி வெளிச்சம்தான். நான் சொல்கிற வைத்தியத்தில் பாதி அவர் கையில்தான் இருக்கிறது என்று என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். மெய்யாகவே அப்படித்தான்.

டீயில் நனைத்த பிஸ்கட் நிற்க வேண்டும். டீயில் இருக்கும் கஃபீன் தூக்கத்தைக் கெடுக்கும். டேனின் என்ற பொருள் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. பிஸ்கட்டில் பெரும்பாலும் மாவும் சர்க்கரையும் எண்ணெயும்தான். இரும்புச்சத்தைப் பற்றி ஏன் இவ்வளவு அக்கறை என்றால், குழந்தை தாயிடமிருந்து கொண்டுவந்த இருப்பு ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் நாடு முழுவதும் 67.1 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4 சதவீதம். இரும்புச்சத்து குறைந்த குழந்தை ராத்திரி கால்களை உதைத்துக்கொண்டு அமைதியில்லாமல் தூங்கலாம். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு மாதக் குழந்தையிலிருந்து வாரம் இருமுறை கொடுக்கிற இரும்புச்சத்து மருந்து இலவசமாகக் கிடைக்கும், ஒரு தடவைக்கு 1 மில்லி. கொடுக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ராத்திரிச் சாப்பாடு ஏழு, ஏழேகாலுக்கு இருக்கட்டும். கரண்டியைக் கவிழ்த்தால் ஒழுகாத பதம் வேண்டும். தண்ணீராக ஓடுகிற கஞ்சி வயிற்றை நிரப்பும், நிற்காது. நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சாதம், கெட்டியான ராகிக் கூழ், இட்லி, மசித்த முட்டை எது வேண்டுமானாலும் சரி. அரைக் கிண்ணத்திலிருந்து முக்கால் கிண்ணம் வரை சாப்பிட்டால் போதும். நிறையத் திணித்தால் நீண்ட நேரம் தூங்குவான் என்பது நடப்பதில்லை, வாந்திதான் எடுப்பான்.

ஜாதிக்காய் வேண்டாம். நம் பாட்டிகள் கொடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியும், என் பாட்டியும் கொடுத்தவர்தான். அதில் மிரிஸ்டிசின் என்ற பொருள் இருக்கிறது. அளவு கூடினால் மயக்கம், படபடப்பு, வலிப்பு வரைக்கும் போகலாம். உரைகல்லில் இரண்டு இழைப்புக்கும் ஐந்து இழைப்புக்கும் நடுவில் எவ்வளவு மருந்து இறங்கியது என்று யாராலும் அளக்க முடியாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற சளி மருந்தைத் "தூக்கத்துக்காக" கொடுப்பதும் அதே அளவுக்கு ஆபத்து. அந்த வகையில் புரோமெதசின் என்ற மருந்தை இரண்டு வயதுக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சு நின்றுபோகலாம். ஒரு வயது முடியும் வரை தேனும் வேண்டாம்.

சில அறிகுறிகள் இருந்தால் மூன்று வாரம் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். சளி இல்லாதபோதும் குறட்டை, வாயால் மூச்சு, மூச்சு நின்று திணறி எழுதல். காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு படுத்தால் மட்டும் அழுவது. தோல் அரிப்பு. எடை நின்றுபோவது. பல் முளைப்பதால் இரண்டு மாதம் தொடர்ந்து ஒரே நேரத்துக்கு யாரும் எழுவதில்லை, அந்தச் சமாதானத்தில் இருந்துவிடாதீர்கள்.

உங்களைப் பற்றியும் ஒரு கேள்வி. குழந்தை தூங்குகிற நேரத்தில் உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? படுத்தால் வருகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது ஓய்வு; ஒன்பது மணித் தூக்கத்தில் துணி துவைக்காமல் நீங்களும் படுங்கள். வாய்ப்பு இருந்தும் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, அவன்மேல் ஒட்டுதலே இல்லாதது போல இருக்கிறது, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால், அது பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வாக இருக்கலாம். பத்து மாதத்திலும் வரும். மருந்தில் தீரும், தாய்ப்பாலை நிறுத்தாமல் எடுத்துக்கொள்ளக் கூடிய மருந்துகள் இருக்கின்றன. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கணவருக்கும் இந்தப் பத்தியைப் படிக்கக் கொடுங்கள்.

ஒரு நோட்டில் தினமும் நாலே நாலு மணி எழுதுங்கள்: காலையில் எழுந்தது, இரண்டு பகல் தூக்கம் தொடங்கியது, ராத்திரி கண் மூடியது. ஒருநாள் ஐந்து, மறுநாள் மறுபடி நாலேகால் என்று ஏறி இறங்கித்தான் வரும். நோட்டைப் பார்த்தால் நகர்வது தெரியும், ஞாபகத்தில் தெரியாது.

ஜூனுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. மூன்று வாரத்தை இதற்கு எடுத்துக்கொண்டால், மீதி மூன்று வாரத்தில் ஒன்பது மணித் தூக்கத்துக்கு மாமியாரே அவனைப் படுக்க வைத்துப் பழகட்டும், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே. முதல் நாலு நாள் உங்களைத் தேடி அழுவான். அந்த நேரத்தில் நீங்கள் கடைத்தெருவுக்குப் போய்விடுங்கள்.